முதுமை மட்டுமா காரணம்?



"வயதாகிவிட்டது, மூச்சு வாங்கத்தான் செய்யும்." இச்சொற்களை நம் இல்லங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். திருத்தணியில் வாழும் நமக்கு மலைக்கோயிலின் 365 படிகளே மூப்பின் அளவுகோல். அவற்றை ஒரு காலத்தில் ஓடி ஏறியவர், இன்று வீட்டு வாசற்படி ஏறவும் தயங்குகிறார். எல்லையோரத்துத் தெலுங்கு அயலார் மூச்சிரைப்பை 'ஆயாசம்' என்பர். நாமோ அச்சொல்லைக் களைப்புக்கு வழங்குகிறோம். இருதயம் தளர்ந்தவரிடம் இரண்டும் ஒருங்கே காணப்படும். அதற்கு முதுமை மட்டுமே காரணம் என்று இருந்துவிடலாகாது.

இருதயத் தசையிழைகளுக்கிடையே அமிலாய்ட் என்னும் புரதம் சிறுகச் சிறுகப் படிவதுண்டு. அயோடின் பட்டதும் மாவுச்சத்தைப்போல் நிறம் மாறியமையால், ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ 1854-இல் அதற்கு இப்பெயரிட்டார். அது மாவன்று, புரதமே எனப் பின்னர் தெளிவாயிற்று. படிவு மிகுந்தால் இருதயச் சுவர் தடித்து விறைக்கும். தொடக்கத்தில் சுருங்கும் ஆற்றல் அவ்வளவாகக் குன்றாது. விரிந்து இரத்தத்தை ஏற்கும் ஆற்றலே குன்றும். எனவே எக்கோ பரிசோதனையில் "பம்ப் நன்றாயிருக்கிறது" எனக் கேட்டு வீட்டார் ஆறுதலடைவர். முதியவரின் கால் வீக்கமோ வற்றாது.

இது அரிதினும் அரிது என்று முன்பு கருதப்பட்டது. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இவ்வகை இருதயச் செயலிழப்பும் தடித்த சுவரும் உடைய, 60 வயது கடந்த 120 நோயாளரை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 16 பேரிடம் இப்படிவு இருந்தது. அமிலாய்டோசிஸ் என்னும் பெயர் நம் நாளிதழ்களிலும் வந்ததுண்டு. டில்லியில் பிறந்த பாகிஸ்தான் முன்னாள் அதிபர் பர்வேஸ் முஷாரப் அந்நோயுற்று 2023 பிப்ரவரியில் துபாயில் காலமானார்.

இருதயத்தைத் தாக்குவன பெரும்பாலும் இருவகை. ஒன்று, கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் குலைந்து படிவது. இது முதியோரிடம் மெல்ல வளரும். மற்றது, எலும்பு மஜ்ஜை அணுக்கள் மிகையாகச் சுரக்கும் புரதத்தால் வருவது. இது விரைந்து உயிர்குடிக்கும். நாக்குத் தடித்தல், கண்ணைச் சுற்றிச் செந்நீலக் கறை, நுரைத்த சிறுநீர் ஆகியவை பின்னதன் அறிகுறிகளாகலாம்.

வீட்டார் கவனிக்கத் தக்கவை சில உள. பல ஆண்டுகளுக்கு முன்பே இரு கைவிரல்களும் மரத்து, மணிக்கட்டில் அறுவை செய்துகொண்டாரா? புயத்தின் தசைநாண் திடீரென அறுந்ததா? நெடுநாள் இரத்த அழுத்த மாத்திரை உண்டவருக்கு இப்போது அழுத்தம் தானே தாழ்ந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? எக்கோவில் சுவர் தடித்திருக்க, ஈ.சி.ஜி. அலைகள் சிறுத்துள்ளனவா? இவற்றுள் ஓரிரண்டு பொருந்தினாலும் மருத்துவரிடம் தவறாது கூறுக.

இதற்கெனச் சிறப்பான எலும்பு ஸ்கேன் உண்டு. டெக்னீசியம் கலந்த மருந்தை ஊசிவழி ஏற்றி, அது இருதயத்தில் தங்குகிறதா எனப் பார்ப்பர். ஆயினும் ஸ்கேன் ஒன்றே போதாது. இரண்டாம் வகையிலும் அது சில வேளை தங்கும். ஆதலால் இரத்தம், சிறுநீர்ச் சோதனைகளும் உடன் வேண்டும். ஐயம் நீங்காவிடில் திசுவைச் சிறிது எடுத்துப் பார்ப்பர்.

அறிந்து என்ன பயன் என்பீர். முதல் வகைக்கு டஃபாமிடிஸ் என்னும் மருந்து 2019-இல் அமெரிக்காவில் இருதய நோய்க்கு அனுமதி பெற்றது. அது ஏற்கெனவே படிந்ததைக் கரைப்பதன்று, மேலும் படிவதைத் தடுப்பது. எனவே முந்தி அறிவோர்க்கே நன்மை மிகுதி. அங்கு அதன் தொடக்க விலை ஆண்டுக்கு 2,25,000 டாலர் என்பதும் உண்மை. இரண்டாம் வகைக்கோ புற்றுநோய் மருந்துகள் உதவும். அங்கு வாரங்களும் விலைமதிப்புள்ளவை. விலையுயர்ந்த மருந்து எட்டாதோர்க்கும் நோயின் பெயர் தெரிதல் நலம். வழக்கமான இருதய மாத்திரைகள் சில இவர்க்கு ஒவ்வா. மருத்துவர் அவற்றை மாற்றுவார். நாமாக எதையும் நிறுத்தலாகாது.

ஆகவே, அடுத்த முறை தந்தையையோ பாட்டியையோ வேலூருக்கோ சென்னைக்கோ அழைத்துச் செல்லும்போது, பழைய ஈ.சி.ஜி., எக்கோ அறிக்கைகளையும் கையறுவைச் சீட்டையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். "இது அமிலாய்டாக இருக்குமா?" என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வி முதியவருக்கு நாம் செய்யும் மரியாதை.