குளக்கரையிற் கண்ட கயிலை

கயிலை காணப் புறப்பட்ட நாவுக்கரசர் வழியில் உடல் தேய்ந்து வீழ்ந்ததும், இறைவன் பணித்தவாறு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்ததும் சைவ உலகம் அறிந்த வரலாறு. அங்கே அவர் கண்டவை யாவை? களிறும் பிடியும், கோழியும் பெடையும், நாரையும் அதன் துணையும். அவற்றையே அம்மையப்பராகக் கண்டு பதிகம் பாடினார். கயிலையைத் தேடியவருக்கு அது சோழநாட்டுக் குளக்கரை ஒன்றிலே கிடைத்தது.

இப்பதிகத்தைக் கற்பிக்கையில் ஒருநாள், "நாரையைக் கண்டவர் யார்?" என வினவினோம். மிகச் சிலரே கையுயர்த்தினர். அவருள்ளும் ஒருவன் கண்டது கைத்தொலைபேசியிலாம்! பிடி, பெடை, பேடு என்னும் பெயர் வேறுபாடுகளைக் கேட்டாலோ, பிழையின்றி எழுதுவர். சிரித்தோம், பின்னர் வெட்கினோம். அவ்வாறு கற்பித்தவர் நாமேயன்றோ?

நம் நிலையும் நெடுங்காலம் அதுவே. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்தபோது நாம் சிறுவர். அதன்பின் தேவாரம் நாவில் இருந்தது, நெஞ்சிற்கு இறங்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்து மீண்டும் கீரிமலைக் கேணியில் இறங்கினோம். மதிலுக்கு அப்பால் உப்புக்கடல் அலைமோத, இப்பால் நன்னீர் ஊறிக்கொண்டிருந்தது. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் பிளவுகளினூடே இறங்கி, நிலத்தடியில் ஓடி, இங்கு வெளிப்படுகின்றது என்பர் விஞ்ஞான ஆசிரியர். காரணம் அறிந்தமையால் வியப்புக் குறையவில்லை. நாம் வாராத அத்தனை ஆண்டுகளிலும் இந்நீர் ஊறிக்கொண்டேயிருந்தது என்னும் எண்ணம் எழுந்ததும் கண் கலங்கிற்று. அன்று மாலை பாடிய தேவாரம், மனனஞ் செய்த தேவாரமாக இருக்கவில்லை.

ஆகவே, விழாக் காலத்தில் ஒன்று கேட்கத் துணிகின்றோம். கட்டடம் வேண்டாவென்பது நம் கருத்தன்று. ஒழுகும் கூரையின்கீழ்க் கற்பித்தவர் அவ்வாறு கூறலாகாது. ஆயினும், சேரும் பொருளில் ஒரு சிறு பங்கேனும் மாணவரை வெளியே அழைத்துச் செல்ல உதவுதல் வேண்டும். 1938 முதல் பறவைச் சரணாலயமாகவும் 2015 முதல் தேசிய பூங்காவாகவும் விளங்கும் சுண்டிக்குளம் நமக்கு எட்டாத் தொலைவிலில்லை. மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் அங்கு வந்திறங்குகின்றன. ஒலிபெருக்கியும் ஆட்டபாட்டமுமாய்ச் செல்லும் உல்லாசப் பயணத்தை நாம் கருதவில்லை. அங்கே விளக்கவுரையும் வேண்டா, வினாத்தாளும் வேண்டா. ஒரு நாழிகை வாளாவிருந்து பார்த்தல் போதும்.

பரீட்சை நெருங்குகின்றது, பாடத்திட்டம் முடியவில்லை என்பர். உண்மையே, நாமும் அவ்வாறு கூறியவரே. எனினும், பேருந்துச் செலவை ஏற்கப் பழைய மாணவர் ஒருவர் முன்வருவாராயின், திருவையாற்றுப் பதிகத்தை மாரிகாலம்வரை ஒத்திவைக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.