முதலில் ஆள், அப்புறம் கருவி

பிரெய்ல் கருவியில் டெக்ஸ்ட் டெலிபோன் வசதியைச் சேர்த்துவிட்டால், பார்க்கவும் கேட்கவும் முடியாதவர் போன் பேசிவிடலாம் என்கிறார்கள் நம்ம கோடர்கள். யாரோட? அமெரிக்காவில் 1964ல் வந்த அந்தக் கருவி பேசுவது ஐந்து பிட் பாடோ குறியீடு. அதில் ஆங்கிலச் சின்ன எழுத்துக்கே இடமில்லை, தமிழ் எங்கே போகும்?

அங்கே அது ஓடியது பெட்டியால் மட்டுமல்ல. 1990 சட்டம் நடுவில் ஒரு ஆளை உட்காரவைத்தது. தட்டச்சைப் படித்துக் குரலாகச் சொல்பவர். நம் 2016 சட்டம் இவர்களைப் பட்டியலில் சேர்த்தது, வேலையில் ஒதுக்கீடும் தந்தது. அந்த ஆளைத் தரவில்லை.

வாணியம்பாடி தோல் கம்பெனியில் நிற்கும், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் "காய்ச்சல், சீக்கிரம் வா" என்று மகள் எப்படிச் சொல்வாள்? தமிழும் உருதும் தெரிந்த அந்த ஆளைக் கேளுங்கள். கோடிங்கை நான் எழுதித் தர்றேன்.