கேமராவுக்கு முன்னால் ஓர் ஆண்டு

ப்ளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) துறையின் வாசலில் காதில் விழும் முதல் கேள்வி இதுதான்: "எப்போ சார் கேமரா தருவீங்க?" பையன் கேட்கத் தயங்கினால் அப்பா கேட்கிறார். "ரெண்டாம் வருஷம்" என்று பதில் வந்ததும் இருவர் முகமும் வாடுகின்றன. சேர்ந்த பிறகு மீதியைச் சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். முதல் வருஷம் சும்மா. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், ஈ.வி.எஸ்., டிராயிங், இன்ட்ரோ பேப்பர் எல்லாம் அரியர் விழாமல் பாஸானால் போதும்; நிஜமான விஸ்காம் அதற்குப் பிறகுதான். சினிமாவிலும் சேனலிலும் இருப்பவர்கள் விருந்தினராக வந்து மேடையேறி, "தியரியை எல்லாம் மறந்துடுங்க" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கிப் போகிறார்கள். சில கல்லூரிகள் இந்த எண்ணத்தையே விளம்பரமாக்கி, முதல் நாளிலிருந்தே செய்முறைப் பயிற்சி என்று பேனர் கட்டுகின்றன.

முதலாண்டுக் கட்டாயத் தாள்கள் காலவிரயம் என்ற இந்த நம்பிக்கை முழுத் தவறு. தொடர்பியல் தொழிலில் கடினமானது எதுவோ, கருவியால் செய்துகொடுக்க முடியாதது எதுவோ, அதைக் கற்க மூன்றாண்டுப் படிப்பில் ஒதுக்கப்பட்டிருக்கும் நேரம் இந்த முதலாண்டுதான். அதைத் தள்ளிவிட்டுப் போகும் மாணவர் பின்னால் எத்தனை லென்ஸ் மாற்றினாலும் அந்தக் குறை தீராது.

மாணவர்கள் அதிகம் சலித்துக்கொள்ளும் டிராயிங் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். "நான் போட்டோகிராபர் ஆகப்போறேன், எனக்கு எதுக்கு பென்சில்?" என்பார்கள். மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து வரையச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானோர் டம்ளரின் வாயை நல்ல வட்டமாகப் போடுவார்கள். அடிப்பகுதியை ஸ்கேல் வைத்தாற்போல் நேர்கோடாக இழுப்பார்கள். வாய் வட்டமானது, அடி தட்டையானது என்று மனதுக்கு முன்பே தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. கண்ணெதிரே இருப்பதோ வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாய் நசுங்கிய நீள்வட்டம். அடிவிளிம்பும் நேர்கோடு இல்லை, அதுவும் வளைந்திருக்கிறது. பளபளக்கும் பக்கவாட்டில் எதிர் ஜன்னல் மெல்லிய வெள்ளைக் கோடாக நெளிகிறது. வரைபவரின் சட்டை நிறம் ஒரு பட்டையாக அதில் விழுந்திருக்கிறது. நிழல் எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக இல்லை. டம்ளர் மேசையைத் தொடும் இடத்தில் அடர்ந்து, விலக விலக வெளிறுகிறது. இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுகொள்வதற்குள் வகுப்பே முடிந்துவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர் பழகுவது பார்க்கும் பழக்கம். பின்னொரு நாள் பாத்திரக்கடைக்கோ நகைக்கடைக்கோ படம் எடுக்கப் போகும்போது, பளபளப்பான பொருள்மீது விளக்கை நேராக அடித்தால் பொருள் தெரியாது, விளக்குதான் தெரியும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கும். எதிரே வெள்ளைத் துணியை நிறுத்துவதா கறுப்பு அட்டையை நிறுத்துவதா என்று அவரே முடிவெடுப்பார். கேமராவோ பட்டனை அழுத்திய நொடியில் எல்லாவற்றையும் பதிந்து கொடுத்துவிடும். பார்க்கக் கற்காதவர் கையில் அது முதலிலேயே கிடைத்துவிட்டால், இனிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போய்விடும்.

அடுத்தது பார்ட் ஒன் தமிழ். "நமக்குத் தமிழ் தெரியாதா?" என்பது இதற்கு எதிரான வாதம். சென்னை மாணவர்கள் ஆவணப்படம் எடுக்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவது வழக்கம். விடியல் வெளிச்சம், படகு, ஐஸ் பெட்டி, தராசு என்று படம் அழகாகவே வந்திருக்கும். பிறகு மீன் விற்கும் அம்மா ஒருவர் முன் மைக்கை நீட்டுவார்கள். "இந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?" "ஆமாம்பா." "அரசாங்கம் உதவி செய்யணும்னு நினைக்கிறீங்களா?" "செஞ்சா நல்லாருக்கும்பா." அதோடு பேட்டி முடிந்துவிடும். ஆமாம், இல்லை என்பதைத் தாண்டி அந்த அம்மா பேச அங்கே இடமே தரப்படவில்லை. "இன்னிக்கு ஏலத்துல கூடை என்ன விலைக்கும்மா எடுத்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஐஸ் செலவு வந்திருக்கும், வட்டிக்காரர் வந்திருப்பார், மத்தியானத்துக்குமேல் மீந்துபோகும் மீனும் மகளின் காலேஜ் ஃபீசும் வந்திருக்கும்.

இப்படிக் கேட்கத் தெரிவது மொழியில் தேர்ச்சி. ஒரு வாழ்க்கையைச் சொல்ல "கஷ்டம்" என்ற சொல் போதாது, கூடையின் விலைதான் அதைச் சொல்லும் என்பதை நல்ல சிறுகதைகள்தாம் கற்றுத்தருகின்றன. காட்சியால் பேசுகிற படம் என்று நாம் கொண்டாடும் 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்தது. 'அசுரன்' பூமணியின் 'வெக்கை'யிலிருந்தும், 'விசாரணை' மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'பிலிருந்தும் வந்தவை. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, 'கதை நேரம்' தொடருக்குக் கதை தேடிப் போனது தமிழ்ச் சிறுகதைகளிடம். கேமராவை நன்கறிந்தவர்களே புத்தகத்தைத் தேடிப் போயிருக்கும்போது, தொழிலில் இன்னும் நுழையாத மாணவரிடம் புத்தகம் வேண்டாம் என்று சொல்வது என்ன நியாயம்?

தமிழ்ப் பாடம் இந்தத் துறைக்கு அந்நியம் என்பவர்கள் தொல்காப்பியத்தைப் பிரித்துப் பார்க்கட்டும். செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும் செய்யுளியல், யாப்போடும் அடியோடும் நிற்கவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றையும் உறுப்புகளாகவே வைக்கிறது. பேசுவது யார், யாரிடம், எந்த இடத்தில், எப்போது, அதனால் விளைவது என்ன என்று கேட்காமல் ஒரு பாட்டைப் படிக்க முடியாது என்பது அதன் நிலை. அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1948-இல் வகுத்த தொடர்பியல் சூத்திரமும் பேசுவது யார், யாரிடம், விளைவு என்ன என்ற இதே கேள்விகளை, ஊடகம் என்ற ஒன்றையும் சேர்த்து அடுக்குகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலோ, உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களையும் சொல்கிறது. நடிகரிடம் "கொஞ்சம் எமோஷன் கொடுங்க" என்று மட்டும் சொல்லத் தெரிந்த இளம் இயக்குநருக்கு இதைவிடப் பயனுள்ள கையேடு எது?

மாணவர்கள் "மொக்கை" என்று ஒதுக்கும் இன்ட்ரோ பேப்பருக்கு வருவோம். குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறாண்டுகளுக்கு முன் செய்துகாட்டிய சோதனை அதில் வரும். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்போடு ஒட்டினால் பசி தெரியும். சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கம் தெரியும். முகம் மாறவில்லை, பக்கத்தில் வைத்த ஷாட்தான் மாறியது. தேர்வுக்கு இரண்டு மார்க் கேள்வியாக இதை மனப்பாடம் செய்துவிட்டு மறப்பவர்கள் ஒரு நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சில வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. காட்சி உண்மை, அதன்மேல் எழுதிய வரி பொய். தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. அதற்குள் திருப்பூரிலும் சென்னையிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் பயம் புகுந்துவிட்டது. வீடியோவை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள்தாம் அதைச் செய்தார்கள். எடிட்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. ஒரு காட்சிக்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம், அதைப் பார்ப்பவர் யார், அவர் என்ன ஆவார் என்று நின்று யோசிப்பவர்களுக்குத்தான் பஞ்சம். அந்த யோசனையைக் கற்றுத்தரும் தாளைத்தான் வீண் என்கிறோம்.

ஈ.வி.எஸ். என்ற சுற்றுச்சூழல் தாளும் அப்படித்தான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக வந்தது அது. யாரோ பொழுதுபோகாமல் திணித்ததல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அங்கே போன செய்தியாளருக்குக் கழிமுகம் என்றால் என்ன, அலையாத்திக் காட்டின் வேரில் எண்ணெய் படிந்தால் இறாலுக்கும் நண்டுக்கும் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாதவர் ட்ரோனை மேலே ஏற்றிக் கறுத்த தண்ணீரை மட்டும் காட்டிவிட்டு வருவார்.

இனி, "வேலைக்குத் தேவை சாஃப்ட்வேர்தானே?" என்ற கேள்வி. தேவைதான். ஆனால் எந்த சாஃப்ட்வேர்? ஒரு காலத்தில் அச்சு வடிவமைப்பென்றால் பேஜ்மேக்கர் என்றிருந்தது, அது போய்விட்டது. அனிமேஷன் என்றால் ஃப்ளாஷ் என்று சொல்லிக்கொடுத்தோம். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் பிளேயருக்கு விடைகொடுத்துவிட்டது. ஃபைனல் கட் புரோ 7-ஐ இரவு பகலாகப் பழகியவர்கள், 2011-இல் ஆப்பிள் அதைக் கைவிட்டு முற்றிலும் வேறொன்றைக் கொண்டுவந்தபோது முதலிலிருந்து தொடங்கினார்கள். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு, வெட்டுவதையும் நிறம் திருத்துவதையும் தானே செய்யத் தொடங்கிவிட்டது. வெளிச்சம் விழும் விதமும், கேட்பவரின் மனமும், நல்ல வாக்கியமும் எந்த அப்டேட்டிலும் காலாவதியாகவில்லை.

"எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறதே?" என்கிறார்கள். இருக்கிறது. கேமராவின் அப்பர்ச்சர் முதல் கலர் கிரேடிங் வரை அங்கே நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். இந்த வாதம் உண்மையில் என் பக்கம்தான் நிற்கிறது. வீட்டிலேயே இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் கல்லூரிக் கட்டணம்? எழுதியதை ஒருவர் வாங்கிப் படித்துச் சிவப்பு மையில் திருத்தித் தருவதும், வரைந்ததன் முன் நின்று "நீ டம்ளரைப் பார்க்கவே இல்லையே" என்று சொல்வதும், நாற்பது பேர் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு நாற்பது விதமாகப் புரிந்துகொண்டதை ஒரே அறையில் விவாதிப்பதும் யூடியூபில் கிடைக்காது. கல்லூரியின் நேரம் அதற்குத்தான் போக வேண்டும்.

இந்தத் தாள்கள் பல இடங்களில் மோசமாக நடத்தப்படுகின்றன என்பதை மறுக்கவில்லை. பழுப்பேறிய நோட்டிலிருந்து டிக்டேஷன், கைடிலிருந்து கேள்வித்தாள், தமிழாசிரியருக்கும் விஸ்காம் ஆசிரியருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத நிலை. மாணவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் தாளின்மேல் பாய்வதில் நியாயம் இல்லை. தாளை நடத்தும் முறையின்மேல் பாயட்டும். செய்யுளியலும் லாஸ்வெல்லும் ஒரே வாரத்தில் இரண்டு வகுப்புகளில் நடக்கட்டும். சுற்றுச்சூழல் தாளுக்குத் தேர்வுக்குப் பதிலாகத் தங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான்கு பக்கச் செய்திக் கட்டுரை கேட்கட்டும். ஆங்கில வகுப்பில் ஏஜென்சி செய்தியைத் தமிழாக்கச் சொல்லட்டும். நாளை செய்தி டெஸ்க் வேலைக்குப் போனால் முதலில் கொடுக்கும் சோதனை அதுதான். டிராயிங் வகுப்பை ஓவியம் தெரிந்தவர் எடுக்கட்டும்.

இந்த நம்பிக்கையை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் புத்தக அலமாரி இருக்கும் பிள்ளைக்கும், சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் பேசப்படும் பிள்ளைக்கும், சித்தப்பா சேனலில் இருக்கும் பிள்ளைக்கும் முதலாண்டு இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கல்லூரியில் கிடைக்காததை வீட்டில் பெற்றுக்கொள்வார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இலக்கியமும் ஆங்கிலமும் உலக அறிவும் வந்துசேரும் வாசல் இந்த வகுப்பறை ஒன்றுதான். அந்தப் பிள்ளையிடம் "உனக்கு இதெல்லாம் எதற்கு, கேமராவைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போ" என்று சொல்வது கரிசனம்போலத் தோன்றும். அதன் விளைவு, யாரைக் காட்டுவது, எதைச் சொல்வது என்று முடிவெடுப்பவர்கள் ஒரு வர்க்கமாகவும், அந்த முடிவுக்கு ஏற்பக் கருவியை இயக்குபவர்கள் இன்னொரு வர்க்கமாகவும் நிலைத்துப்போவது. கருவியை இயக்குவது மதிப்புள்ள உழைப்பு. அதைத் தாண்டிப் போக விரும்பும் பிள்ளைக்கு வழியடைப்பதுதான் அநீதி.

ஆகவே கல்லூரிகளே, முதலாண்டைச் சுருக்கிப் பேனர் கட்டாதீர்கள். மேடையேறும் விருந்தினர்களே, நீங்கள் படித்த புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். மாணவர்களே, இந்த ஓராண்டை யாரும் உங்களிடமிருந்து பறிக்க விடாதீர்கள். மோசமாக நடத்தினால் நன்றாக நடத்துங்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை நீங்கள் கட்டிய கட்டணத்தில் இருக்கிறது.