ஒரு வாய்தானே என்று சொல்லாதீர்கள்



சற்று நீண்ட பதிவு. ஊரில் கலியாணங்கள் வரிசையாக வரப்போகின்றன. அதற்கு முன்னர் இதைப் பேசிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

உடல் எடைக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்கள் இப்போது நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் கொழும்புக்குப் போய்ச் செய்கிறார்கள். வந்தும் யாருக்கும் சொல்வதில்லை. அந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் வழக்கமாக இரண்டு வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு ஒன்றை வைத்தியர்கள் கொடுப்பார்கள். சிலருக்கு அது நான்கு வாரம் வரை நீளும். நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரி வரைதான். எங்கள் வீட்டில் ராத்தா அந்த இரண்டு வாரத்தைக் கடந்து வந்தவர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பக்கத்தில் இருந்து பார்த்ததில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. பசியை அவர் தாங்கிக்கொண்டார். ஊரின் உபசரிப்பைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

முதலில் இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். அது தெரியாததால்தான் பாதிப் பிரச்சினை.

"ஒப்பரேஷனுக்கு முன்னுக்கே கொஞ்சம் மெலியட்டும் எண்டு டொக்டர் சொல்லியிருப்பார்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் ஈரலில் இருக்கிறது. எடை கூடிய பலருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்து அது பெருத்திருக்கும். ஈரலின் இடப்பக்கப் பகுதி இரைப்பையின் மேற்பக்கத்தை மூடிக்கொண்டு கிடக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, கமராவில் பார்த்துக்கொண்டு, அந்த ஈரலை உயர்த்திப் பிடித்துத்தான் இரைப்பையில் வேலை செய்ய வேண்டும். ஈரல் பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் தூக்குவது கஷ்டம். காயம் பட்டு இரத்தம் கசியலாம். துளை வழியே செய்ய முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். சில வேளை அன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடவும் நேரலாம்.

மாச்சத்தையும் சீனியையும் குறைத்தால், ஈரலில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடல் எடுத்துச் செலவழிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. அது கரையக் கரையத் தண்ணீரும் வெளியேறும், கொழுப்பும் குறையத் தொடங்கும். ஈரல் சுருங்கி, உயர்த்துவதற்கு இலகுவாகும். இரண்டு வாரப் பட்டினியின் நோக்கம் இதுதான். சத்திரசிகிச்சைக் கட்டிலில் உயிர் பத்திரமாக இருக்க நோயாளி தன் பங்குக்குச் செய்யும் வேலை இது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிளேன்டீக்கு ஒரு தேக்கரண்டி சீனியைக் கொஞ்சம் குவித்து அள்ளினால் சுமார் 20 கலோரி. நம் வீடுகளில் ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சாதாரணம். அது 60. பின்னேரம் நாலு வீட்டுக்குப் போய் நாலு கோப்பை குடித்தால் 240. 800 கலோரிக்காரருக்கு அது ஒருநாள் உணவில் பத்தில் மூன்று பங்கு. இதில் கட்லட்டும் ரோல்ஸும் இன்னும் சேரவில்லை. கலியாண சஹனில் உட்கார்ந்து ஒருவர் வழக்கமாகச் சாப்பிடும் புரியாணி, இறைச்சி, பின்னால் வரும் வட்டிலப்பம் எல்லாம் சேர்ந்தால் அன்றைய நாளின் முழு அளவையும் ஒரே அமர்வில் தாண்டிவிடும்.

ஒரு வாய் சோற்றால் ஈரல் வீங்கிவிடாது. அது உண்மை. ஆனால் "ஒரு வாய்தானே" என்று சொல்பவர் ஒருவரல்ல. மாமி ஒரு வாய், சாச்சி ஒரு வாய், ஸ்டாஃப் ரூமில் பிறந்தநாள் கேக் ஒரு துண்டு, பக்கத்து வீட்டுக் கத்தம் சோறு ஒரு கோப்பை. கொடுப்பவருக்கு அது ஒன்று. வாங்குபவருக்கு அது பத்து.

நோன்பை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று பதினான்கு மணித்தியாலம் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைகள்கூடப் பிடிக்கிறார்கள். எப்படி முடிகிறது? முதலில் ஈமான். அடுத்தது, ஊரே நம்மோடு பசித்திருக்கிறது. கடைகள் திரை போட்டுவிடும். யாரும் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவதில்லை. நோன்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும், மறு பேச்சில்லை. மஃரிபுக்குக் கஞ்சி வரும் என்ற நிச்சயமும் இருக்கிறது.

இந்த 14 நாட்களில் அது எதுவும் இல்லை. திறக்க மஃரிப் இல்லை. கூடப் பசிப்பவர் இல்லை. போகும் இடமெல்லாம் சாப்பாட்டை நீட்டும் கை இருக்கிறது. மறுத்தால் காரணம் கேட்கும் வாயும் இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் அது பின்னேரத்துக்குள் மூன்று ஒழுங்கை தாண்டிவிடும். அதனால் சொல்லாமல் இருக்கிறார்கள். சொல்லாததால் மறுக்க முடிவதில்லை. மறுக்க முடியாமல் சாப்பிடுகிறார்கள், அல்லது வீட்டை விட்டே வெளியே வராமல் அடைந்து கிடக்கிறார்கள்.

"வந்தவருக்குக் கொடுப்பது எங்கட பழக்கம், அதை விடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. உணவு கொடுப்பது நம் சமூகத்தின் அழகு, அது இருக்கட்டும். மாமிமாரின் அன்பு அகப்பையில்தான் வரும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கொடுப்பது வேறு, வற்புறுத்துவது வேறு.

நபியவர்கள் (ஸல்) எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ்களில் வந்திருக்கிறது. மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது நடந்ததையும் நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். அது இன்னதென்று சொல்லப்பட்டதும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) கேட்டார்கள். இல்லை, தங்கள் ஊரில் இல்லாத உணவு, மனம் ஒப்பவில்லை என்று விளக்கம் வந்தது. காலித் (ரழி) சாப்பிட்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் உண்டார், ஒருவர் உண்ணவில்லை. அங்கு யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இந்தச் சுன்னத்து நம் சஹனைச் சுற்றி ஏன் இல்லாமல் போனது?

அடுத்த பேச்சு, "இது குறுக்கு வழி. வாயைக் கட்டினால் போதாதா?" இதைச் சொல்பவர்கள் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு அளவை வெட்டி எடுப்பதைக் குறுக்கு வழி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அதிக உடற்பருமனை நாட்பட்ட நோய் என்று சொல்கிறது. எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டிப் பழைய எடைக்கே இழுக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். வெட்டி எடுக்கப்படுவதில் அந்தப் பகுதியும் அடங்கும். அதற்குப் பிறகும் முதலில் நீராகாரம், பின்னர் மசித்த உணவு, பிறகு சின்னக் கோப்பை அளவுச் சாப்பாடு, வாழ்நாள் முழுவதும் விற்றமின் குளிசை, இரத்தப் பரிசோதனை. இவ்வளவும் இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவரிடம் குறுக்கு வழி என்று நாம் சொல்வதில்லையே.

இன்னொன்றும் காதில் விழும். "ஒரு கிழமையில நாலு கிலோ குறைஞ்சிட்டே, இனி ஒப்பரேஷன் எதுக்கு?" அந்த முதல் கிழமை இறக்கத்தில் பெரும் பங்கு, மேலே சொன்ன கிளைக்கோஜனோடு போன தண்ணீர். வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அது திரும்பி வரும். அன்பாகச் சொல்லப்படும் இந்த ஒரு வார்த்தை, வருடக்கணக்காக யோசித்து முடிவெடுத்த ஒருவரைக் கடைசி நேரத்தில் பின்வாங்க வைத்துவிடக்கூடும்.

பெண்களின் கஷ்டம் தனி. நம் வீடுகளில் கட்டுப்பாட்டில் இருப்பவரேதான் சமையலும். பிள்ளைகளுக்குப் பிட்டு அவித்து, மாப்பிள்ளைக்கு ஆணம் காய்ச்சி, உப்புப் பார்த்து, மிச்சத்தை எடுத்து வைத்து, தனக்கு மட்டும் ஒரு கோப்பை சூப். இது எந்த நியாயத்தில் சேரும்? எங்கள் வீட்டில் அந்த 14 நாட்களும் மச்சான்தான் அடுப்படியில் நின்றார். முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. ஐந்தாம் நாள் பரவாயில்லை. ராத்தாவுக்கு வைத்தியசாலையில் கொடுத்த பட்டியலில் பாலாடை நீக்கிய பால், முட்டை, தோல் நீக்கிய கோழி, மீன், கீரை, காய்கறி இருந்தன. தேங்காய்ப்பால் இல்லாமல் மீனாணம் வைத்து எல்லோரும் அதையே சாப்பிட்டோம். பிஸ்கட் டின் உம்மாவின் வீட்டுக்குப் போனது. வீட்டில் யாரும் சாகவில்லை.

மூன்றாம் நான்காம் நாள்தான் அதிகம் கஷ்டம். தலையிடி, கோபம், வாய் நாற்றம், மலச்சிக்கல் எல்லாம் வரும். வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் நாளுக்கு இரண்டு லீற்றராவது தண்ணீர் வேண்டும். சீனியில்லாத இஞ்சிப் பிளேன்டீயும் மல்லித் தண்ணீரும் ராத்தாவுக்குக் கை கொடுத்தன. அந்த நாட்களைத் தாண்டியதும் பலருக்குப் பசி அடங்கிவிடுகிறது. அதனால் முதல் நாலு நாளில் விருந்து இல்லாதபடி பார்த்துக்கொண்டால் பெரிய உதவி.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் உணவைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவில் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசைகள் இந்தக் கட்டுப்பாட்டோடு சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. கட்டுப்பாடு தொடங்க முன்னரே வைத்தியரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, உடல் குளிர்ந்து வியர்த்து, பேச்சுத் தடுமாறினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் கட்டுப்பாடு உடையும் என்று பார்க்கக் கூடாது. அறிவு மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திங்கள், வியாழன் சுன்னத்து நோன்பையும் இதோடு சேர்த்துப் பிடிக்க நினைப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் பிடிக்க வேண்டாம். நோயாளிக்கு றமழானிலேயே சலுகை தந்த மார்க்கம் இது.

ஊராரிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயமல்ல. யாராவது "வேண்டாம்" என்றால் ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். சத்திரசிகிச்சைதான் என்றில்லை, சீனியாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், சொல்ல விரும்பாத வேறெதுவாகவும் இருக்கலாம். சஹனில் சாப்பிடாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரும் விருந்தாளிதான். வெறும் தண்ணீர்ப் போத்தலோடு வந்தவரும் கலியாணத்துக்கு வந்தவர்தான். கலியாண வீட்டார் அதைக் குறையாக எடுக்கக் கூடாது.

விஷயம் தெரிந்த நெருங்கிய உறவுகள் சாப்பாட்டுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுங்கள். பிள்ளைகளை ரியூஷனுக்குக் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு ஒருநேரச் சாப்பாட்டை உங்கள் வீட்டில் கொடுங்கள். அஸருக்குப் பிறகு கூட நடந்து வாருங்கள். மற்றவர்கள் துருவிக் கேட்கும்போது பேச்சை மாற்றிவிடுங்கள். குத்பாக்களில் வயிற்றை மூன்றாகப் பிரிக்கும் ஹதீஸைச் சொல்லும் நம் ஆலிம்கள், கூடவே விருந்தில் வற்புறுத்த வேண்டாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேர் நிம்மதியடைவார்கள்.

றமழானில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாம் ஒருவருக்கொருவர் துணை நிற்கிறோம். ஒரு நோயாளிக்காக 14 நாள் அதே துணையைக் கொடுக்க நம்மால் முடியாதா?

சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் அல்லாஹ் பொறுமையையும் பூரண சுகத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இப்போது இந்தக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், சொல்ல முடியாமல் இருந்தால், ஒன்றும் சொல்லாமலே இந்தப் பதிவைக் குடும்பக் குழுமத்தில் போட்டுவிடுங்கள்.