ஊட்டிப் பனியில் ஒரு மர்மப் படம்!

பனி இலவசம், காமிராவும் கையில் இருக்கிறது. அப்படியானால் செலவு எது?

மாலை மணி ஐந்து. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தவர்கள் வீடு திரும்பி விட்டார்கள். பள்ளத்தாக்கில் இருந்து பனி மெல்ல ஏறி வருகிறது. பத்தடி தூரத்தில் நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. அப்போது, பனிக்குள் ஓர் உருவம் அசைகிறது.

அது யார்? மனிதனா? மரமா? அல்லது பார்ப்பவனின் மனப் பிரமையா?

இந்த ஒரு கேள்வி போதும். ஒரு மர்மப் படம் பிறந்து விடும்!

இப்படிப்பட்ட படத்தை "மனோதத்துவ மர்மப் படம்" என்பார்கள். இதில் பேய் கிடையாது. பெரிய சண்டை கிடையாது. மனிதனின் மனமேதான் வில்லன். சினிமா டைரக்டர் ஆக விரும்பும் இளைஞர்கள் பலர், முதலில் இந்த வகையில் ஒரு குறும்படம் எடுத்துப் பார்க்கிறார்கள். பத்து, பதினைந்து நிமிடப் படம். ஒரு வீடு, இரண்டு நடிகர்கள், ஒரு செல்போன் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

போதுமா? பார்ப்போம்.

மூடுபனி

நீலகிரிக்கும் இந்த வகைப் படத்துக்கும் பழைய உறவு உண்டு. 1980-ம் ஆண்டு நவம்பர் மாதம் "மூடுபனி" என்ற படம் வெளிவந்தது. டைரக்டர் பாலு மகேந்திரா. ஒளிப்பதிவும் அவரே. இளையராஜா இசை அமைத்த நூறாவது படம் அது. சிறு வயதில் வீட்டில் கண்ட கொடுமைகளால் மனம் திரிந்து போன ஒரு வாலிபனின் கதை. அந்த வேடத்தில் பிரதாப் போத்தன் நடித்தார். அவன் கடத்திச் செல்லும் பெண்ணாக ஷோபா நடித்தார். பெங்களூரில் தொடங்கும் கதை, ஊட்டிக்கு வருகிறது.

பாலு மகேந்திரா இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். கண் கூசும் விளக்குகள் அவருக்குப் பிடிக்காது. ஜன்னல் வழியே வரும் இயற்கை வெளிச்சத்தையே அவர் பெரிதும் நம்பினார்.

அந்தப் படத்தில் பனி இருந்தது. ஆனால், பனியைப் பார்த்து மட்டும் ஜனங்கள் பயப்படவில்லை. அந்த வாலிபனின் மனதில் இருந்த காயம் என்ன என்று தெரிந்தது. அதனால் பயந்தார்கள். முதலில் கதை, பிறகுதான் பனி.

ஊட்டியில் பிறந்த பிலிம்

இன்னொரு உறவும் உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஒரு காலத்தில் பிலிமே ஊட்டியில்தான் தயார் ஆயிற்று!

"இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்" என்பது மத்திய அரசின் தொழிற்சாலை. 1960-ம் ஆண்டு அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம் ஆயிற்று. "இந்து" என்ற பெயரில் போட்டோ பிலிம், எக்ஸ்-ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. அந்த இடத்துக்கு இந்து நகர் என்றே பெயர். பல குடும்பங்களுக்கு அந்த ஆலை சோறு போட்டது. ஆனால் அது நஷ்டத்தில் விழுந்தது. 1996-ல் "நலிந்த ஆலை" என்று அறிவிக்கப்பட்டது. பிறகு மூடப்பட்டது. உலகம் பிலிமை விட்டு டிஜிட்டல் காமிராவுக்கு மாறியபோது, மீண்டு எழ அதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

பிலிம் காலத்தில் படம் எடுப்பது ஏன் ஏழைக்கு எட்டாக் கனியாக இருந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமாவுக்கு உரிய 35 மில்லிமீட்டர் பிலிமில், ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி பிலிம் வேண்டும். பத்து நிமிடப் படத்துக்கு 900 அடி. ஒவ்வொரு காட்சியையும் மூன்று தடவை எடுத்தால் 2,700 அடி! அதைக் கழுவ வேண்டும். பிரதி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம்.

இன்று அந்தச் செலவு இல்லை. செல்போனில் நூறு தடவை எடுக்கலாம்; பிடிக்கவில்லை என்றால் அழித்து விடலாம். 2018-ல் அமெரிக்க டைரக்டர் ஸ்டீவன் சோடர்பெர்க், "அன்சேன்" என்ற மனோதத்துவ மர்மப் படத்தை ஐபோனிலேயே எடுத்தார்.

ஆலை போனது நீலகிரிக்கு நஷ்டம். பிலிம் போனது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு லாபம். காலத்தின் கணக்கு இப்படித்தான் இருக்கிறது!

மூன்று நிமிடப் படம்

ஆனால், இந்த லாபத்திலும் ஒரு ஆபத்து உண்டு. அதை அறிய லண்டனுக்குப் போக வேண்டும்.

கிறிஸ்டோபர் நோலன் இன்று உலகப் புகழ் பெற்ற டைரக்டர். 1997-ல் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அப்போது அவர் "டூடுல்பக்" என்று ஒரு குறும்படம் எடுத்தார். மூன்றே நிமிடம். ஒரு அறை, ஒரு நடிகர். அந்த மனிதன் செருப்பைக் கையில் வைத்துக் கொண்டு, தரையில் ஓடும் ஒரு பூச்சியைத் துரத்துகிறான். பிறகுதான் தெரிகிறது: அது பூச்சி அல்ல. அவனைப் போலவே இருக்கும் ஒரு சின்ன மனிதன்! அதை அவன் அடிக்கிறான். அடுத்த நொடி, அவன் தலைக்கு மேலே அவனைவிடப் பெரிய உருவம் ஒன்று செருப்பை ஓங்குகிறது.

அடுத்து "பாலோயிங்" என்ற முழுப் படத்தை எடுத்தார். அது 1998-ல் வெளிவந்தது. செலவு சுமார் 6,000 டாலர்தான். நடித்தவர்கள் அவருடைய நண்பர்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம்! செலவில் பெரும் பங்கு பிலிமுக்கே போயிற்று. அதை வீணாக்க முடியாது. அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் பல நாள் ஒத்திகை பார்த்தார்கள். ஒன்று, இரண்டு தடவையில் எடுத்து முடித்தார்கள்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. பிலிமின் விலைதான் நோலனை உழைக்க வைத்தது. செல்போனில் அந்தப் பயம் இல்லை. "எடுத்துப் பார்க்கலாம்" என்று கிளம்பி விடுகிறார்கள். ஒத்திகை இல்லை. எழுதிய கதை இல்லை. பனி இருக்கிறது, படம் இல்லை!

நம் பிள்ளைகள்

நம் ஊரிலும் ஜெயித்தவர்கள் உண்டு. 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் "நாளைய இயக்குநர்" என்ற குறும்படப் போட்டி தொடங்கியது. அதில் வளர்ந்தவர் கார்த்திக் சுப்பராஜ். 2012-ல் "பீட்சா" எடுத்தார். பெரும் பகுதி ஒரு வீட்டுக்குள்ளே நடக்கும் மர்மக் கதை அது. 2016-ம் ஆண்டு கடைசியில் "துருவங்கள் பதினாறு" வந்தது. டைரக்டர் கார்த்திக் நரேன், வயது இருபதைச் சற்றே தாண்டியவர். இரண்டிலும் பெரிய நட்சத்திரக் கூட்டம் இல்லை. கட்டுக்கோப்பான கதை இருந்தது.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

நீலகிரியில் படம் எடுப்பவர்கள் மூன்று விஷயங்களில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முதலாவது, ஒலி. படம் மங்கலாக இருந்தால் "பனி" என்று சமாளிக்கலாம். பேச்சு காதில் விழாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மலைக் காற்று செல்போனில் இரைச்சலாகப் பதியும். தனி மைக் அவசியம். மர்மப் படத்தில் பாதிப் பயம் காது வழியேதான் வருகிறது.

இரண்டாவது, உடன் வருபவர்களின் உயிர். பனியில் காட்டெருமை பத்தடியில் நின்றாலும் தெரியாது. யானையும் கரடியும் உலவும் மலை இது. வனப் பகுதியில் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்தில் எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இருட்டியபின் திருட்டுத்தனமாகப் புகுவது வீரம் அல்ல.

மூன்றாவது, மனநோயாளிகளின் மானம். கொலைகாரன் வேண்டுமா? உடனே அவனை "சைக்கோ" ஆக்கி விடுகிறார்கள். "மூடுபனி"கூட இந்தக் குற்றத்துக்கு முழு விலக்கு அல்ல. உண்மை என்ன? மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வது இல்லை. படத்தைப் பார்த்த ஊரார், பக்கத்து வீட்டு நோயாளியைக் கண்டு ஒதுங்கினால், அந்தக் குடும்பம் வைத்தியத்துக்குப் போகவே வெட்கப்படும். அது படத்தில் வரும் கொலையை விடக் கொடுமை. மனக் கஷ்டம் உள்ளவர்கள் 14416 என்ற அரசு எண்ணுக்குக் கட்டணம் இன்றிப் போன் செய்து பேசலாம். நோலனின் மூன்று நிமிடப் படம் எந்த நோயாளியையும் பழிக்கவில்லையே! ஆனாலும் நம் முதுகு சில்லிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"படம் எடுக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், வீட்டில் கலவரம் வருவது சகஜம். உடனே திட்ட வேண்டாம். உடனே நகையை அடகு வைக்கவும் வேண்டாம். "கதையை எழுதிக் கொண்டு வா, படித்துக் காட்டு" என்று சொல்லுங்கள்.

2023 மார்ச்சில், முதுமலை தெப்பக்காடு யானை முகாமைப் பற்றிய குறும்படம் ஆஸ்கார் பரிசு வாங்கியது. எடுத்தவர் ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ். படம் ஓடும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவு. உழைத்த காலம் ஐந்து வருடம்!

பனி இலவசமாகக் கிடைக்கும். பொறுமை அப்படிக் கிடைக்காது. கையில் அந்த முதல் இருக்கிற பிள்ளைக்கு, மற்றப் பணம் கொஞ்சமாக இருந்தாலும் போதும்.