நீட் எழுதாமலும் பி.பார்ம் சேரலாம்



நீட் தேர்வு கைகூடாவிட்டால் மருத்துவத் துறைக்கே போக முடியாது என்று எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் மனமொடிந்து போகிறார்கள். ஆனால் பி.பார்ம் எனும் மருந்தியல் பட்டப்படிப்புக்கு நீட் தேவையில்லை. அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்த நான்காண்டுப் படிப்பு இருக்கிறது.

இதில் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். உயிரியல் படிக்காதவர்களுக்கு அதன் அடிப்படையை முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். இரண்டாண்டு டி.பார்ம் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் நேரடியாக பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதே துறையில் 2008இல் அறிமுகமான பார்ம்.டி ஆறாண்டுப் படிப்பு. அதன் கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி.

தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன், இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று பெற்றோர் பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் பிள்ளை மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.

இவற்றையெல்லாம் கங்கைகொண்டான் வட்டாரப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டும். மாவட்டக் கல்வித் துறை ஆண்டுதோறும் இதற்கென முகாம் நடத்தினால், வீட்டில் முதல் பட்டதாரியாகும் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

— ஒரு மாணவியின் தந்தை,
கங்கைகொண்டான், திருநெல்வேலி மாவட்டம்.