சுகர் நோட்டில் பல்லுக்கும் ஒரு பக்கம்: பல் சிகிச்சையை ஆரம்ப சுகாதாரத்தோடு இணைப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

வள்ளியூர் வட்டாரத்தில் பல் சிகிச்சை ஆரம்ப சுகாதாரச் சேவையிலிருந்து தனியே விலகி நிற்பதை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. பிரஷருக்கும் சுகருக்கும் பதிவு, மாத்திரை, மறுபடி வரவேண்டிய தேதி என்று ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. அதே ஒழுங்கில் வாயும் பல்லும் சேர வேண்டும். இதற்காக நாங்கள் புதுக் கட்டடம் எதையும் கேட்கவில்லை.

காகிதத்தில் இது எப்போதோ முடிந்த விஷயம். தேசிய வாய்நலத் திட்டம் 2014-15இலேயே வந்துவிட்டது. 2018இல் அறிவிக்கப்பட்ட நலவாழ்வு மையங்களின் 12 வகைச் சேவைகளில் அடிப்படை வாய்நலமும் ஒன்று. முப்பது வயது கடந்தவர்களுக்கு சுகர், பிரஷர் பார்க்கும்போதே வாய்ப்புற்றுநோய் அறிகுறியும் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு வேனில் வரும் மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய கோளாறுகளின் பட்டியலில் பல்லும் உண்டு. பணகுடியிலோ ராதாபுரத்திலோ கூத்தங்குழியிலோ ஒரு வீட்டுக்குள் போய், "கடைசியாக யார் உங்கள் வாயைத் திறந்து பார்த்தார்கள்?" என்று கேட்டால்தான் காகிதத்தின் மதிப்பு தெரியும்.

நம் ஊரில் பல்வலிக்கு முதல் வைத்தியம் கிராம்பு. அடுத்தது மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. சொத்தைக் குழியில் புகையிலைத் துணுக்கை அடக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வலிக்கு மருந்தாக நுழைந்த அந்தத் துணுக்கு பிறகு பழக்கமாகவே தங்கிவிடுகிறது. பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் வேறு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஆனாலும் படித்த வீடுகளில்கூட அது உயிரோடிருக்கிறது. கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கோ பஸ் ஏறுகிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்களின் பாடு இன்னும் மோசம். பல் ஆடுகிறது என்று போனால், "சுகரைக் குறைத்துவிட்டு வாருங்கள், உங்கள் டாக்டரிடம் லெட்டர் வாங்கி வாருங்கள்" என்கிறார் பல் மருத்துவர். அவர் சொல்வது தவறில்லை. சுகர் பார்ப்பவர் மாத்திரையைக் கூட்டி எழுதுகிறார், வாயைப் பார்ப்பதில்லை. சுகர் இறங்குவதில்லை, இறங்காததற்குச் சீழ் பிடித்த ஈறும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும்) அளவு சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்கிறது 2022இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு. ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் எல்லா மருந்துச் சீட்டிலும் அது ஏறியிருக்கும்.

வாய்ப்புற்றுநோய் விஷயத்தில் நமக்கு நல்ல முன்மாதிரி வெகு அருகிலேயே இருக்கிறது. புற்று முற்றிய பிறகு நம் மக்கள் தேடிப் போகும் அதே திருவனந்தபுரத்தில், 1990களின் நடுவில் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்புறம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2005இல் லான்செட் இதழில் வந்தது.

வீடு தேடிப் போகும் ஆட்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் சுகர் மெஷினும் பிரஷர் கருவியுமாகத் தெருத்தெருவாகப் போய் வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு டார்ச்சும் கையுறையும் சேர வேண்டும் என்கிறோம். அதோடு முறையான பயிற்சியும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் சேர வேண்டும். ஏற்கெனவே சொற்பத் தொகைக்கு உழைப்பவர்கள் தலையில் இன்னொரு படிவத்தைச் சுமத்திவிட்டு அதை இணைப்பு என்று சொன்னால் நாங்கள் எதிர்ப்போம்.

சுகர், பிரஷர் நோயாளிகள் மாத்திரை வாங்க வரும் நாளிலேயே பல் மருத்துவரும் அவர்களைப் பார்க்க வேண்டும். பல் மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பும்போது எங்கே, என்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பது பரிந்துரை ஆகாது. நோயாளியின் நோட்டு ஒன்றாகவே இருக்கட்டும்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்பது பல் பிடுங்குபவருக்குத் தெரிய வேண்டும், சீழ்க்கட்டி இருந்ததா என்பது சுகர் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையின்போதே ஈறையும் பார்த்துவிட வேண்டும்.

குழந்தைகளின் சொத்தைக்கு எப்போதும் டிரில் மெஷின் தேவைப்படுவதில்லை. சில்வர் டயமின் புளோரைடு, கிளாஸ் அயனோமர் சிமென்ட் இரண்டையும் உலக சுகாதார அமைப்பு 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. முதலாவதைப் பூசினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். பூசிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேனர் கட்டி, பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்து, போட்டோ எடுத்து முடியும் முகாம்களால் யாருடைய சொத்தையும் அடைபட்டதில்லை. வள்ளியூருக்குத் தெற்கே காவல்கிணறில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்குள்ள பயிற்சி மருத்துவர்கள் குறித்த கிழமையில், குறித்த சுகாதார நிலையங்களுக்கு, ஆண்டு முழுவதும் வரும்படி மாவட்ட நிர்வாகம் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒரே ஊருக்கு மறுபடி வருபவர்தான் போன மாதம் பார்த்த வாயை மறுபடி பார்க்க முடியும்.

முதியோரை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கேரளத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது கடந்தவர்களுக்குப் பல்செட் வைக்க 'மந்தஹாசம்' என்ற திட்டம் நடக்கிறது. கர்நாடகம் 2014இல் இதே போன்ற 'தந்த பாக்ய' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடும் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவர வேண்டும். பல்லில்லாமல் கஞ்சியும் ரசமுமாகச் சாப்பிடும் சர்க்கரை நோயாளியிடம் காய்கறியும் பயறும் சாப்பிடச் சொல்லி என்ன பயன்?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் ஏற்கெனவே வேலைப் பளுவில் திணறுகிறார்கள் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் அவர்களையோ நர்ஸ்களையோ பல் பிடுங்கச் சொல்லவில்லை. அந்த வேலை பல் மருத்துவருடையது. காலியாகும் அவருடைய பணியிடத்தை ஒப்பந்தம், தற்காலிகம் என்று இழுக்காமல் உடனே நிரப்ப வேண்டியது அரசின் கடமை. மற்றவர்களிடம் கேட்பது வாயைப் பார்ப்பது, எழுதுவது, அனுப்புவது, அவ்வளவே.

வள்ளியூர் வட்டார மக்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த முறை சுகர் மாத்திரை வாங்கப் போகும்போது, "என் வாயையும் ஒரு தடவை பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால் வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.